கஸ்தூரி அக்கா ஊருக்குப் போயிருக்காங்களாம்

என் அருமைத் தொல்லையே, கஸ்தூரி அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் போயிருக்கிற இடத்தில் ஊசி இல்லை, எடை பார்க்கிற மெஷின் இல்லை, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து வைக்கிற பாட்டில் இல்லை. உங்களுக்கென்ன, ராணி மாதிரி இருப்பீர்கள். இங்கே தாம்பரத்தில் உங்கள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள் நான்தான்.

உங்கள் மகன் சேகர் அந்தப் போனைக் கொண்டுவந்து கொடுத்தபோது அழுதேன். இப்போது அது அடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். உலகத்தில் எத்தனையோ ரிங்டோன் இருக்க, கைக்குழந்தை ஒன்று கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தத்தை எதற்கு அக்கா வைத்தீர்கள்? டயாலிசிஸ் ஓடும்போது சிரிக்கிறது. தொழுகையில் நிற்கும்போது சிரிக்கிறது. எங்கள் கடையில் ஒருவர் குளியலறைக் குழாய்க்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் கல்லாப்பெட்டிக்குள்ளிருந்து சிரிக்கிறது. "அந்தப் புள்ளைய மொதல்ல தூங்க வை" என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். இரண்டு பட்டனை அழுத்தினால் மாற்றிவிடலாம். அதற்குத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

யார் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் கிட்னி போனவர்கள்தான். டாக்டர் "இனிமே டயாலிசிஸ்தான்" என்று சொல்லிவிட்டார், வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை, யாரோ உங்கள் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து "இந்த அம்மாகிட்ட பேசுங்க" என்றார்கள். எடுத்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "கஸ்தூரி அக்காங்களா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

உங்கள் மேல் கோபம் வரும்போதெல்லாம் என்னுடைய முதல் டயாலிசிஸ் நாளை நினைத்துக்கொள்கிறேன். கட்டிலில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில், கையில் ஊசியோடும் வாயில் ஏலக்காயோடும் படுத்திருந்தீர்கள். தலையை மட்டும் திருப்பிச் சொன்னீர்கள். "இன்னாம்மே, ஊசி குத்தறதுக்கு முன்னாடியே இத்தினி அழுவுற? கொஞ்சம் மிச்சம் வையி. இன்னும் நாலு மணி நேரம் கீது." எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது. யார் இந்தப் பொம்பளை, எனக்கு உத்தரவு போட?

அப்புறம் உங்கள் இடது கையை நீட்டி, என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தீர்கள். ஊசி போட வசதியாக ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைக்கிற ஆபரேஷன் நம் எல்லோருக்கும் செய்கிறார்களே, அந்த இடம். தோலுக்கு அடியில் வண்டு பறக்கிற மாதிரி ஒரு துடிப்பு. "தெரியுதா? தினிக்கும் காத்தால எழுந்து இத்த ஒரு தபா தொட்டுப் பாரு. ஓடிகினு இருந்தா மத்தத அப்பால பாத்துக்கலாம்." டாக்டரும் நர்சும் எனக்கு எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மேடவாக்கம் கூட்ரோட்டில் மீன் விற்கிற ஒரு பொம்பளையின் கையைத் தொட்டபோதுதான், இதை வைத்துக்கொண்டும் ஒரு ஆள் வாயடிக்க முடியும் என்று புரிந்தது.

அந்த வழக்கத்தைத்தான் பிறகு எல்லோர் தலையிலும் கட்டினீர்கள். புதிதாக ஒருவருக்கு முதல் நாள் டயாலிசிஸ் என்றால், பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். அறிவுரை கூடாது. கையைத் தொடக் கொடுக்க வேண்டும். காலில் தசை இழுத்துக்கொண்டால் பாதத்தைப் பிடித்துவிட வேண்டும். எங்கள் கடைக் குடோனில் மாதம் ஒரு ஞாயிறு கூட்டம் போட ஆரம்பித்ததும் நீங்கள்தான். "தண்ணி குடிக்கக்கூடாத கும்பலு அத்தினியும் பைப் கடையில வந்து கூடிகினு கீது, பாரு கூத்த" என்று சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள்.

வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க" என்ற வாய் மூடுவதற்குள் சொம்புத் தண்ணீரை நீட்டுகிறவர்கள் நாம். நம் கூட்டத்தில் மட்டும் அது குற்றம். உங்கள் குப்பத்து வீட்டுக்கு நான் முதன்முதலாக வந்தபோது, கோவளத்து வெயிலில் நாக்கு வறண்டு நிற்கிறேன், நீங்கள் அசையவில்லை. "இங்க தண்ணி கெடையாது. உன்னிய உசிரோட திருப்பி அனுப்பணும்ல" என்று ஒரு துண்டு ஐஸை மட்டும் வாயில் போட்டீர்கள். எனக்கு அதுவரை கிடைத்த விருந்திலேயே அதுதான் பெரியது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டீர்கள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது என்று சேகர் சொன்னான். அடுத்த ஞாயிறு குடோனில் கூட்டம். எல்லோரும் பி.வி.சி. பைப்புகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். அப்போது நம் தலைவர் பார்த்தசாரதி சார் எழுந்தார்.

அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர், நல்ல மனுஷர், எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுகிறவர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கஸ்தூரியம்மா காலமான விஷயத்தைப் புதுசா வர்றவங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன். இவ்வளவு தைரியமா இருந்தவங்களே போயிட்டாங்கன்னா அவங்க மனசு என்ன ஆகும்? நாம பாஸிட்டிவா இருக்கணும். யார் கேட்டாலும் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுவோம். இங்க மாட்டியிருக்கிற போட்டோவுக்கு மாலையும் வேண்டாம்."

"எந்த ஊருக்கு சார்?" என்று கேட்டேன். "அவங்க பொறந்தது கோவளம், வாழ்ந்தது கோவளம். வாரத்துக்கு ரெண்டு தடவை மெஷினுக்கு வந்தாகணும். எந்த ஊர்ல போய்த் தங்க முடியும்? கிட்னிக்காரன் எவனாவது இதை நம்புவானா?"

"புதுசா வர்றவங்களுக்கு அதெல்லாம் தெரியாதேம்மா" என்றார் சார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் ஒருத்திதான் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் "இன்னாய்யா பேஜார் பண்ற, செத்தவ செத்தான்னு சொல்றதுக்கு இன்னா வெக்கம்" என்று ஒரே போடாகப் போட்டிருப்பீர்கள். எனக்கு அந்த வாய் வரவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து என் கைப்பைக்குள் குழந்தை சிரித்தது. துக்கக் கூட்டத்தில் கெக்கெக்கே! நான் பதறிப்போய் எடுப்பதற்குள் சார் கையை நீட்டி வாங்கிவிட்டார். "யாரு? லோகநாதனா? மறைமலை நகரா? கஸ்தூரியம்மா ஊருக்குப் போயிருக்காங்க தம்பி. வந்ததும் பேசச் சொல்றேன்." பேசி முடித்துவிட்டு, எவ்வளவு சுலபம் பார்த்தீர்களா என்கிற முகத்தோடு போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

இந்த லோகநாதனை உங்களுக்கு நினைவிருக்கும். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் தகட்டை அழுத்துகிற பிரஸ் ஓட்டுகிறவர். மார்கழியில் கையில் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டு, பயத்தில் உங்களுக்குப் போன் செய்தவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீங்கள் அவரிடம் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "மொத தபா நான் உன் பக்கத்துலயே குந்திகினு இருப்பேன்யா. ஊசி உனக்கு, கத்தறது நானு. சரியா?" அந்த ஒரு பேச்சை அந்த மனுஷர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

மாசி பிறந்தது. ஆபரேஷன் செய்த கை தயார், உடனே டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும், இனி தள்ளினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் போகவில்லை. தினமும் உங்களுக்குப் போன். "அக்கா வந்துட்டாங்களா?" நானும் "இன்னும் வரலை" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே! "நான் வந்து பக்கத்துல உக்கார்றேன் தம்பி, நானும் பழைய ஆள்தான்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இல்லக்கா, அவங்க வாக்குக் குடுத்திருக்காங்க, அவங்களே வரட்டும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். கோபமாகப் பேசினாலாவது பதிலுக்குக் கத்தலாம். இவ்வளவு மரியாதையாக அடம்பிடிக்கிற ஆளை என்ன செய்வது?

இதற்கு நடுவில் நம் ஆட்கள் படுத்துகிற பாடு வேறு. பார்த்தசாரதி சாரின் தங்கை மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம். நமக்கெல்லாம் சாப்பாட்டைப் பற்றி வகுப்பெடுக்கிற மனுஷர், ரசத்தை இரண்டு தடவை கையில் வாங்கிக் குடித்து, பாயசத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு, மறுநாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். குடித்ததெல்லாம் வெளியேறாமல் எடையில் தெரிந்துவிடும் என்று, மெஷினில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டால் முள் நகராதா சார் என்று கேட்டேன். உங்கள் இடத்தில் கூட்ரோட்டில் வேறொரு பெண் கூடை வைத்திருக்கிறாள், சங்கரா மீனைக் காட்டி வஞ்சிரத்து விலை சொல்கிறாள். அவளோடும் சண்டை போட்டுவிட்டு வந்தேன். யாரோடு சண்டை போடுவது, யாரை விடுவது என்றே தெரியாத நாட்கள் அவை.

ஒரு நாள் சாயங்காலம் மறுபடி லோகநாதன். குரலே சரியில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறார். "படுத்தா மூச்சு முட்டுதுக்கா. நாற்காலியிலயேதான் தூங்கறேன்" என்றார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் சத்தம் போட்டேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"பயப்படாதீங்கக்கா. கஸ்தூரி அக்காவே ஒரு மாசமா ஊர்ல இருக்காங்க. மெஷின் இல்லாமதானே இருக்காங்க? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அப்ப நானும் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிப்பேன்."

அக்கா, கிட்னிக்காரன் எவன் நம்புவான் என்று கேட்டேனே, இதோ ஒருவர் நம்பிவிட்டார். நம்பி, அதை வைத்துக் கணக்கும் போட்டுவிட்டார். மெஷினே இல்லாமல் ஒரு மாதம் ஊரில் ஜாலியாக இருக்கிற ஒரு கஸ்தூரி அக்காவை நாமாகச் செய்து அவர் கையில் கொடுத்திருக்கிறோம். அவர் அந்தப் பொம்மையைப் பிடித்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறார்.

உடனே சாருக்குப் போன் செய்தேன். "நான் போய் உண்மையைச் சொல்லப்போறேன்" என்றேன். "மும்தாஜ், அவசரப்படாதீங்க. இந்த நெலமையில அவங்க இறந்துட்டாங்கன்னு தெரிஞ்சா அந்தாளு சுத்தமா விட்டுடுவாருமா. ஒரு உயிருமா!" என்று கெஞ்சினார். சார் சொல்வது தப்பு என்று அடித்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. சொன்னால் மனசு விட்டுப் போய்விடலாம். சொல்லாவிட்டால் காத்திருந்தே போய்விடுவார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யோசித்திருக்கவே மாட்டீர்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரைக் கடையை மூடச்சொல்லி, இரண்டு பேருமாகத் தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலில் ஏறினோம். மறைமலை நகரில் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மாடிப் போர்ஷன். லோகநாதனின் மனைவி கலா கதவைத் திறந்தாள். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். வந்தவர்களுக்குத் தண்ணீர் என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே பார்த்தேன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் உப்பி, கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தன. மூலையில் என்ன இருந்தது தெரியுமா? இளநீர்க் குலை! மாமனார் வீட்டிலிருந்து கொடுத்து அனுப்பினார்களாம்.

"இதையா குடிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

"சூட்டுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்கக்கா" என்றாள் கலா.

"மத்தவங்களுக்கு நல்லது. நமக்கு இது விஷம்மா! இதுல இருக்கிற பொட்டாசியம் நெஞ்சையே நிறுத்திடும். டாக்டர் சொல்லலையா?" சொல்லியிருக்கிறார். டாக்டர் ஒருவர் சொன்னார், சொந்தக்காரர்கள் முப்பது பேர் வேறு மாதிரி சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரர் பேசாமல் போய் அந்தக் குலையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டார்.

லோகநாதன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "கஸ்தூரி அக்கா அனுப்பினாங்களா?" என்று கேட்டார். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. பக்குவமாகச் சொல்ல வேண்டும், தட்டிக்கொடுத்துச் சொல்ல வேண்டும் என்று ரயிலில் வரும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. எனக்குப் பக்குவம் எங்கே வருகிறது?

"தம்பி, அவங்க ஊருக்குப் போகலை. இறந்துட்டாங்க. பொங்கல் முடிஞ்ச வாரமே இறந்துட்டாங்க. மெஷின் இல்லாம நம்மால ஒரு மாசம் இருக்க முடியாது, ஒரு வாரமே தாங்காது. உங்ககிட்ட சொன்னது பொய். நீங்க பயந்துடுவீங்கன்னு எங்க ஆளுங்க சொன்ன பொய்."

கலா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "இருக்கிற கொஞ்ச உசிரையும் எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா?" என்று என் மேல் பாய்ந்தாள். அந்த நிமிஷம் எனக்கே அப்படித்தான் தோன்றியது. லோகநாதன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, சார் சொன்னதுதான் சரி, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சுவரைப் பார்த்தபடியே லோகநாதன் கேட்டார். "எத்தனை நாளா மெஷின்ல இருந்தாங்க?"

"நாளா? ஒன்பது வருஷம்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னொரு பொய்யாக்கா?"

எனக்கு வந்ததே ஆவேசம். "எதுக்குய்யா பொய் சொல்றேன்? ஒன்பது வருஷம் வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து படுத்தாங்க. படுக்காத நாள்ல விடியறதுக்கு முன்னாடி எழுந்து மீன் எடுத்து, கூட்ரோட்டுல உக்காந்து வித்தாங்க. மகளைக் கட்டிக் குடுத்தாங்க. பேரனைத் தூக்கினாங்க. கருவாடு தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதுக்கு அவர்கிட்டயே சண்டை போட்டாங்க. நடுவுல ரெண்டு தடவை ஐ.சி.யு. வரைக்கும் போய்த் திரும்பினாங்க. சுலபம்னு சொல்ல மாட்டேன். கால் இழுக்கும், வாந்தி வரும், சில நாள் செத்தா தேவலைன்னு இருக்கும். உங்களுக்கும் ஒன்பது வருஷம்னு எழுதித் தர என்னால முடியாது. எனக்கே எவ்வளவுன்னு தெரியாது. ஆனா அவங்க இருந்தாங்க. நான் பாத்தேன்."

கலா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இவரு மச்சான் சொன்னாருக்கா, மெஷின்ல ஏறினா ஆறு மாசம்தான்னு. அதுக்கு மேல யாரும் இருந்ததில்லைன்னு. அதனாலதான் ஏறவே மாட்டேன்னு தள்ளிக்கிட்டே இருந்தாரு. என்கிட்டயே நேத்துதான் சொன்னாரு."

அக்கா, எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊசிக்கும் இல்லை, ரத்தத்துக்கும் இல்லை. மெஷினில் ஏறிய நாளிலிருந்து ஆறு மாதம் ஓட ஆரம்பித்துவிடும் என்று அந்த மனுஷர் பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஏறாமல் இருக்கிற வரைக்கும் அந்தக் கடிகாரம் ஓடாது என்று ஒரு நினைப்பு. நாம் உங்கள் சாவை ஒளித்தோம். ஒளித்த கையோடு, அதற்கு முன்னால் நீங்கள் வாழ்ந்த ஒன்பது வருஷத்தையும் சேர்த்து ஒளித்துவிட்டோம். நீங்கள் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால், இப்போது இல்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? பேங்க் மேனேஜருக்கு இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

லோகநாதன் விரலை மடக்க ஆரம்பித்தார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எதை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கை முடிந்து அடுத்த கையில் நாலு விரல் மடங்கின. அப்புறம் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"கலா, பாப்பா இப்ப ஆறாவது. ஒன்பது வருஷம்னா காலேஜே முடிச்சிடும்ல?"

கலா தலையை ஆட்டினாள். நான்தான் "முடிச்சிடும்யா, முடிச்சிடும்" என்றேன். அப்புறம் நானும் அவளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். கொஞ்சம் முன்னால் என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்தவள்!

அன்று மத்தியானமே ஆட்டோ பிடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கையைத் தொடக் கொடுத்தேன். "வண்டு மாதிரி இருக்கு" என்றார். அறிவுரை கூடாது என்பது உங்கள் சட்டம், எனக்கு அது வராது. நாலு மணி நேரமும் இளநீரைப் பற்றித் திட்டிக்கொண்டேயிருந்தேன். பாவம், எழுந்து ஓட முடியாமல் படுத்துக் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து, கையோடு தூக்கி வந்த அந்தக் குலையை ஒன்றொன்றாகக் காவலாளியோடு சேர்ந்து காலி செய்துகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கிட்னியும் நன்றாக வேலை செய்கிறதே.

லோகநாதன் இப்போது ஒழுங்காக வருகிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது, படுத்துத் தூங்குகிறார். கம்பெனியில் பிரஸ் வேலையை விட்டு ஸ்டோரில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஒரே புலம்பல். புலம்பட்டும், மூச்சு வாங்காமல் புலம்புகிறாரே.

பார்த்தசாரதி சாரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் சண்டைக்கு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "புதுசா வர்றவங்களுக்காகன்னுதான் சொன்னேன் மும்தாஜ்" என்றார். "அவங்களுக்காக மட்டும் இல்லைன்னு இப்பத் தோணுது. அந்தம்மா போட்டோவுல மாலையைப் பாத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது." அதைக் கேட்டபிறகு அவரை எப்படித் திட்டுவது? என் கோபத்தை வைத்துக்கொள்ள இடமே இல்லாமல் போய்விட்டது. "எனக்கும்தான் சார் வராது" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவரே ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு குடோனுக்கு வந்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். யாரைக் கேட்டு என்னை உங்கள் இடத்தில் உட்கார வைத்தீர்கள்? எனக்குப் பொறுமை கிடையாது, இதமாகப் பேசத் தெரியாது, உங்களைப் போலச் சிரிக்க வைக்கவும் வராது. பக்கத்துக் கட்டிலில் இப்போது யாரோ ஒரு அம்மா படுக்கிறார், வாயே திறப்பதில்லை. அந்த நாலு மணி நேரம் எனக்கு நாலு நாளாக இருக்கிறது. மனசு உங்களைத் தேடுகிறது அக்கா. இதைவிட வேறெப்படிச் சொல்வது?

உங்களுக்காகத் தினமும் துஆ கேட்கிறேன். உங்கள் குப்பத்து அம்மன் என் பெயரையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்வாள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதும்போதே இரண்டு தடவை போன் அடித்துவிட்டது. பம்மலிலிருந்து ஒருவர், அனகாபுத்தூரிலிருந்து ஒரு பெண். "கஸ்தூரி அக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள். இனி யார் கேட்டாலும் நான் சொல்லப்போவது இதுதான். இது உங்களுக்கு என் வாக்கு: "இல்லைங்க, அவங்க இறந்துட்டாங்க. போனை வைக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் இருந்தாங்க. எப்படி இருந்தாங்கன்னு சொல்றேன், கேளுங்க."

பக்கத்துக் கட்டிலில் உங்களுக்குக் கிடைத்த, கூடப் பிறக்காத தங்கச்சி,
மும்தாஜ்